ஐந்து ஓடு இடைவெளி

ஜூன் 1, சனி

மேகமூட்டம். மதியம் மூன்று மணிக்கு ஹாலைத் திறந்தேன். நாற்காலி 60. மேசை 1, நடுவில். பெஞ்சு 1, பின்னால். இடைவெளி ஐந்து ஓடு.

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் களப் புத்தகம் எழுதிய கை இது. தேதி, வானிலை, அளவு என்று ஆரம்பிக்காவிட்டால் அடுத்த வரி வராது. ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு நிலம் இல்லை. ஹால்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஜெபவீட்டைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். சிலுவை கிடையாது, பீடம் கிடையாது, மணி, மெழுகுவர்த்தி, வண்ணக் கண்ணாடி ஒன்றும் கிடையாது. ஐயர், பாதிரியார் என்று தனியாக ஒருவரும் கிடையாது. வெள்ளையடித்த நாலு சுவர், நடுவில் ஒரு மேசை, நாலு பக்கமும் அதைப் பார்த்தபடி நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசைமேல் ஓர் அப்பம், ஒரு பாத்திரம். அப்பத் தட்டு கைக்குக் கை மாறிப் போகும், இதுதான் எங்கள் பந்தி. ஐக்கியத்தில் இருப்பவர்கள், அதாவது அப்பத்தில் பங்குள்ளவர்கள், மட்டும் நாற்காலியில். புதிதாக வருகிறவர்கள், இன்னும் ஞானஸ்நானம் எடுக்காதவர்கள், ஐக்கியத்துக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் எல்லோரும் பின்னாலிருக்கும் நீளப் பெஞ்சில். ஆண்கள் இடது கோடி, பெண்கள் வலது கோடி.

கடைசி வரிசைக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஐந்து தரை ஓடு. ஓர் ஓடு ஓர் அடி. இந்த ஐந்து எந்த வசனத்திலும் இல்லை. ஹால் கட்டி முடித்த வருடம் நானே டேப் பிடித்து வைத்த கணக்கு. உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எட்டக்கூடாது, தட்டு தவறிக்கூட அந்தப் பக்கம் போய்விடக்கூடாது. இருபது வருடமாகப் போனதில்லை.

தங்கபுஷ்பம் வியாழக்கிழமை தூத்துக்குடி போய் ஜெமிமாவைக் கூட்டி வருகிறாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். நீங்களும் வாங்க என்று என் மனைவி கேட்கவில்லை. என் மகளைக் கூப்பிட நானும் வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு. குவைத்திலிருக்கும் ஒரு சகோதரர், தம் தகப்பனார் நினைவாக ஹாலுக்குத் தேக்கில் ஒரு பிரசங்க பீடம் செய்து அனுப்புகிறாராம். மூன்று படி, முகப்பில் செதுக்கிய சிலுவை. நாங்கள் இத்தனை நாளும் வேதப்புத்தகம் வைப்பது இடுப்பளவு இரும்பு ஸ்டாண்டில். சகோதரிகள் பக்கம் முக்காடுகள் லேசாக அசைந்தன. சகோதரர்கள் பக்கம் யாரும் அசையவில்லை, அதுதான் மோசமான அறிகுறி.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை அறிவிப்புகளை நான்தான் வாசித்தேன். தொண்டை சரியில்லாமல் விட்டுவிட்டேன்.

ஜூன் 5, புதன்

பொறுப்புள்ள சகோதரர்கள் மூன்று பேரும் கூடினோம். தாவீதுராஜ் பிரதர், ஆசீர் பிரதர், நான்.

தாவீதுராஜ் பிரதர் எங்களில் மூத்தவர். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை யாரும் மூச்சுவிடமாட்டோம். ஆசீர் பிரதருக்கு பஜாரில் இரும்புக்கடை. குவைத்துக்காரர் அவருக்கு மைத்துனர் முறை. மூன்று வருடத்துக்கு முன் மைக் வேண்டும் என்றார், வந்தது. பிறகு குளிர்தண்ணீர் இயந்திரம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனையே கடித்த கதையாக இப்போது பிரசங்க பீடம்.

"மரத்துல என்ன பிரதர் இருக்கு? மனசுலல்லா இருக்கு," என்றார் ஆசீர். "அவன் பாசமா செஞ்சு அனுப்புதான். நாம வேண்டாம்னா அவன் மனசு என்ன பாடுபடும்?"

நான் பேசினேன். இவ்வளவு நீளமாக அந்த அறையில் நான் பேசி வெகுநாள் ஆயிற்று.

"மரத்துல ஒண்ணுமில்லன்னா இத்தன வருசம் நான் என்னத்துக்கு வாராவாரம் நாற்காலிய அளந்து போடுதேன்? மேசைய நடுவுல போட்டா ஒரு அர்த்தம், ஓரத்துல போட்டா இன்னொரு அர்த்தம். மூணு படி ஏத்தி ஒருத்தன நிறுத்துனா கீழ இருக்கவன் அண்ணாந்துதான் பாக்கணும். இன்னிக்கு படி கேக்கும், நாளைக்கு அங்கி கேக்கும். நாம எங்க உக்காருதோம், எங்க நிக்குதோம்ங்கிறதே உபதேசம்தான் பிரதர்."

தாவீதுராஜ் பிரதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மாணிக்கம் பிரதர் சொல்லுதது சரி," என்றார். என் முழுப்பெயர் வேதமாணிக்கம். எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைப்பதற்கில்லை.

ஆனால் பீடம் நாகர்கோவிலில் செய்து முடித்தாயிற்றாம். வந்தால் வராண்டாவில் இருக்கட்டும், பதில் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு.

ஜூன் 6, வியாழன்

சாரல். பிற்பகல் 4.10க்கு வந்தார்கள். ஜெமிமா இடுப்பில் கைவைத்து ஒவ்வொரு படியாக ஏறினாள். கணுக்கால் வீங்கியிருக்கிறது. "அப்பா," என்றாள்.

"பஸ்ல கூட்டமா?" என்று கேட்டேன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். காலையிலிருந்து வேறு ஏதோ யோசித்து வைத்திருந்தேன்.

ஜூன் 8, சனி

ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாய் என்று தங்கபுஷ்பம் அவளிடம் கேட்டது அடுப்படியிலிருந்து என் காதில் விழுந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவள் புருஷன் வீட்டாருடைய சபையின் கோயில் இருக்கிறது. அங்கே பீடம் உண்டு, கிராதி உண்டு, அவளுக்கு முழங்கால் போட இடமும் உண்டு.

"ஹாலுக்கே வாரேம்மா. எனக்குப் பாடத் தெரிஞ்ச பாட்டெல்லாம் அங்கதான் இருக்கு."

"பெஞ்சுல உக்காரணுமே, தாயி."

"தெரியும்லா."

நாற்காலி 60. பெஞ்சை நன்றாகத் துடைத்தேன். பின்சுவர் சன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது, உட்காருபவர்கள் நனைந்துவிடுவார்கள். பெஞ்சை ஓர் ஓடு முன்னால் இழுத்துப் போட்டேன். கனமான பெஞ்சு, தரையில் கீறல் விழுந்துவிட்டது.

இடைவெளி நான்கு ஓடு.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை 9.30 முதல் 12.15 வரை. சாரல் இல்லை. நல்ல வெயில்.

ஜூன் 12, புதன்

மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் மாற்றினேன். நெத்திலி வாங்கினேன், ஜெமிமாவுக்குப் பிடிக்கும்.

தாவீதுராஜ் பிரதர் எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளே உட்காராமல், முன் அறையில் நின்றபடியே ஜெமிமாவிடம் பேசினார். கோபமாகப் பேசவில்லை. அவர் ஒருபோதும் கோபமாகப் பேசுவதில்லை.

"ஒரே ஒரு கடுதாசிம்மா. அந்தக் கோயில் பீடத்துக்கு முன்னால, மோதிரம் மாத்தி, ஐயர் கையால கல்யாணம் பண்ணுனது சபையோட ஒழுங்குக்கு விரோதம்னு எழுதிக் கொடு. அடுத்த ஞாயிறே நீ பந்தியில இருக்கலாம். எங்களுக்கும் அதுதான் ஆசை."

"அங்கிள், வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு, இதோட அப்பனக் கட்டுனது தப்புன்னு எப்படி எழுதுவேன்?"

"கட்டுனது தப்புன்னு சொல்லல. கட்டுன இடம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கெப்பாசிட்டர் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். 25 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்.

ஜெமிமாவின் புருஷன் கிங்ஸ்லி நல்ல பையன்தான். துறைமுகத்தில் வேலை. குடியில்லை, ஜெபிக்கிறவன். ஆனால் அவன் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கோயில்காரர்கள். எங்கள் ஹாலில், மேசை பக்கத்தில் நின்று, ஒரு சகோதரர் ஜெபித்துக் கல்யாணம் முடிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. நிச்சயம் ஆன வாரமே ஜெமிமா ஐக்கியத்துக்கு வெளியே வைக்கப்பட்டாள். கல்யாணம்வரை ஐந்து மாதம், ஒரு ஞாயிறு விடாமல், பின்பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கு ஹாலில் வேலை இருந்தது. நாற்காலிகளின் முதுகில் பெயின்ட்டால் எண் எழுதினேன், 1 முதல் 60 வரை. எண் எதற்கு என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 15, சனி

நாற்காலி 60. பெஞ்சுக்கு நேர் மேலே மின்விசிறி இல்லை. கடைசி வரிசை விசிறியின் காற்று மூன்று ஓடு தூரம்தான் வருகிறது, தாள் துண்டு பிடித்துப் பார்த்தேன். புழுக்கத்தில் யாருக்காவது மயக்கம் வந்தால் சபைக்குத்தான் கெட்ட பேர்.

இடைவெளி மூன்று ஓடு.

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். "வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா ஆறு மாசம் ஆக்குதீய. அங்க பெஞ்சுக்கு மட்டும் வாராவாரம் வைத்தியம் நடக்குது போல."

"சாரல்," என்றேன்.

"ஆமா ஆமா, சாரல்," என்று சொல்லிக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

பிரசங்க பீடம் லாரியில் வந்தது. இறக்க ஆறு பேர். வராண்டாவில் வைத்து தார்ப்பாய் போட்டோம். பார்க்காமல் போட முடியவில்லை. உயரம் ஆறடி இரண்டங்குலம். அருமையான வேலை, ஒரு மூட்டுகூடத் தெரியவில்லை. இப்படி ஒரு பொருளைச் செய்தவன் கையைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் உள்ளே விடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆசீர் பிரதர் தார்ப்பாய்க் கயிற்றை முடிந்துகொண்டே, "பிரதர், நீங்க சொன்னத நெனச்சுப் பாத்தேன். ஒரு சாமான் இருக்க இடத்துல அம்புட்டு உபதேசம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அப்போ கொஞ்சம் நகந்தா உபதேசமும் நகந்துருமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கேலிதான் அவருக்குப் பழக்கம். நான் கயிற்றின் மறுமுனையைக் கட்டப் போய்விட்டேன்.

ஜூன் 22, சனி

நாற்காலி 60. காரணம்: பெஞ்சுக்குப் பின்னால் பெருக்க வசதி.

இடைவெளி இரண்டு ஓடு.

ஜூன் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

10.40க்கு தாவீதுராஜ் பிரதர் ஸ்தோத்திரம் செய்து அப்பத்தைப் பிட்டார். தட்டு சகோதரர்கள் பக்கம் சுற்றி முடிந்து சகோதரிகள் பக்கம் போனது. கடைசி வரிசையில் கடைசி நாற்காலி, எண் 60, ஞானப்பூ அத்தையுடையது. தனியாக இருக்கிற விதவை, ஹால் கட்டிய நாளிலிருந்து அதே இடம். இரண்டு கண்ணிலும் புரை, அடுத்த மாதம் ஆபரேஷன். தட்டு தன்னிடம் வந்ததும் எடுத்துக்கொண்டு தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். ஒரு சகோதரர் எழுந்துபோய் வாங்கி மேசையில் வைப்பார். இதுதான் வழக்கம்.

பெரிய கூட்டங்களுக்கு ஆட்கள் அதிகம் வந்தால் அத்தைக்குப் பின்னால் இன்னொரு வரிசை போடுவோம். அப்போது அவர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கமாட்டார், பின்னால் திரும்பிக் கொடுப்பார்.

இன்றைக்கு எடுத்துக்கொண்டார். திரும்பினார். முக்காட்டுத் துணியும் முழங்காலும் மங்கலாகத் தெரிந்திருக்கும். பின்னால் வரிசை இருக்கிறது என்று நினைத்து, தட்டை ஜெமிமாவின் கையில் கொடுத்துவிட்டு முன்னால் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பெஞ்சில் வேறு யாரும் இல்லை.

ஜெமிமா தட்டை வயிற்றின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பம் இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது. அவள் முதலில் அதைப் பார்த்தாள், பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். அறுபது பேர் குனிந்த தலைகளுக்கு மேலே அப்பனும் மகளும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். எடு என்று நான் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை. பதினொன்றுவரை எண்ணினேன். அவள் அத்தையின் தோளைத் தொட்டு, தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அத்தை திடுக்கிட்டு, "ஐயோ மக்கா," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

தட்டிலிருந்த அப்பத்தில் எதுவும் குறையவில்லை. ஆனால் தலைகள் நிமிர்ந்துவிட்டன.

ஜூன் 24, திங்கள்

ஞானப்பூ அத்தை நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். பந்தியைத் தீட்டாக்கிவிட்டேன் என்று அழுதுகொண்டிருப்பதாக ஆள் வந்து சொன்னது. தங்கபுஷ்பம் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஜெமிமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவளே பேசினாள்.

"எடுத்திருப்பேன்ப்பா. கை வரைக்கும் வந்துட்டு. ரெண்டு வருசமாச்சு. ஆனா நான் எடுத்தா நீங்கதான பதில் சொல்லணும். நாற்காலி போடுதது நீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதான் விட்டுட்டேன்."

மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

"மொத வாரமே பாத்துட்டேன், ஓடு கொறஞ்சிருக்கறத. அம்மையும்தான். ஞாயித்துக்கிழம ஹாலுக்கு நடக்கும்போது, இந்த வாரம் எத்தன இருக்கும்னு பேசிக்கிட்டே வருவோம்."

நான் கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. தண்ணீர் வழிந்து ஓடுகிற சத்தத்தில் நின்று அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததை எழுதுவதற்குத்தான் இந்தப் புத்தகம்.

எழுதாமல் விட்டது இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, தொண்டைக்கு எதுவும் ஆகவில்லை. "ஜெமிமா என்னும் நம் சகோதரி இனிக் கர்த்தருடைய பந்தியில் பங்குபெறமாட்டார்" என்ற அறிவிப்பைச் சபைக்கு முன்னால் வாசித்தவன் நான். வேறு யாராவது வாசிக்கட்டும் என்று தாவீதுராஜ் பிரதர் சொன்னார். முறை என்னுடையது என்று நானே வாங்கி வாசித்தேன். தடுமாறாமல் வாசித்தேன். அதற்குப் பிறகு எந்த அறிவிப்பையும் வாசிக்க முடியவில்லை.

இரண்டாவது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே நாங்கள் விடும் அளவு இரண்டு ஓடு. இரண்டு ஓடு தள்ளிப் போட்டால் எந்தப் பெஞ்சும் ஒரு வரிசை ஆகிவிடும். சனிக்கிழமை டேப்பைச் சுருட்டும்போது அது எனக்குத் தெரியாதா?

முப்பத்திரண்டு வருடம், அண்ணன் தம்பி பகையில் எல்லைக்கல்லை நகர்த்தியவர்கள்மேல் அறிக்கை எழுதியிருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: மழையில் சரிந்தது, ஏர் மாடு இடித்தது. ஒருவன்கூட நான்தான் நகர்த்தினேன் என்று சொன்னதில்லை. அவர்களை எவ்வளவு இளக்காரமாகப் பார்த்திருப்பேன்.

ஜூன் 26, புதன்

கூடினோம். அதே மூன்று பேர். வெளியே சாரல்.

ஆசீர் பிரதர்தான் ஆரம்பித்தார். மனுஷன் நல்ல மனுஷன், அதைச் சொல்லியே ஆகவேண்டும். "பெரிசா ஒண்ணுமில்ல பிரதர். பெருக்குத அம்மா பெஞ்சத் தள்ளிப் போட்டிருக்கும். வயசானவங்களுக்குக் கண்ணு தெரியல. அந்தப் பிள்ளையும் கண்ணியமா திருப்பிக் கொடுத்துட்டு. மரச்சாமான்தான, நகரும். இதோட விட்டுருவோம்."

தாவீதுராஜ் பிரதரும் மறுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். ஒரு ஆமாம் போதும். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். மரத்தில் என்ன இருக்கிறது என்று நானும் சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பதை உள்ளே தூக்கி வைக்கவேண்டியதுதான். மூன்று வாரத்துக்கு முன் அந்த அறையில் நான் சொன்னது அத்தனையும் பொய்யென்று ஆகும். பெருக்குகிற அம்மாளின் தலையிலும் ஒரு பழி.

"பெருக்குத அம்மா இல்ல. நான்தான் இழுத்துப் போட்டேன். வாரத்துக்கு ஒரு ஓடு. மூணு வாரம்."

ஆசீர் பிரதர் என் முழங்காலை மேசைக்கு அடியில் தட்டினார். நான் நிறுத்தவில்லை. சாரல், மின்விசிறி, பெருக்குவது எல்லாவற்றையும் சொல்லி, அவை எதுவும் காரணம் இல்லை என்றும் சொன்னேன்.

"தட்டு அங்க போகணும்னு நெனச்சுப் போட்டீயளா?" தாவீதுராஜ் பிரதர் மெதுவாகக் கேட்டார்.

"போகணும்னு நெனச்சேனான்னு தெரியல பிரதர். எட்டணும்னு நெனச்சேன்."

"எட்டுனா அவ எடுப்பான்னு?"

"எடுக்கமாட்டான்னு இப்போ தெரியுது. அவ அப்பனவிட அவளுக்குப் பந்திமேல பயம் இருக்கு."

பிறகு தாவீதுராஜ் பிரதர் கண்ணாடியை மாட்டினார். அவர் கண் சிவந்திருந்தது. அவருக்கும் என் வயதில் ஒரு தம்பி உண்டு, பத்து வருடமாக வேறு சபைக்குப் போகிறான், பேச்சுவார்த்தை இல்லை.

"நாம எங்க உக்காருதோம்ங்கிறதே உபதேசம்னு நீங்கதான் சொன்னீய, பிரதர்."

"சொன்னேன். இப்பவும் அதத்தான் சொல்லுதேன்."

"அப்போ மூணு மாசம் நீங்க பெஞ்சுல உக்காருங்க."

சரி என்றேன். ஆசீர் பிரதர் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு, மிகவும் தயங்கி, "அப்போ சனிக்கிழம நாற்காலி யார் போடுவா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேசை சரியாக நடுவில் வருகிற கணக்கு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அதையும் அவரே போடட்டும்," என்றார் தாவீதுராஜ் பிரதர்.

ஜூன் 27, வியாழன்

தங்கபுஷ்பத்திடம் சொன்னேன். "பிள்ளைக்கு ஒரு துணையாச்சு," என்றாள். மத்தியானம் நெத்திலிக் குழம்பு, எனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி.

ஜூன் 29, சனி

சாரல், பலத்த காற்று. நாற்காலி 60 போட்டு, பிறகு ஒன்றை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். நாற்காலி 59. எடுத்தது எண் 7, என்னுடையது.

பெஞ்சை முனை முனையாகத் தூக்கிப் பின்னால் வைத்தேன். இழுக்கவில்லை, போதுமான கீறல் விழுந்தாயிற்று. டேப் பிடித்துச் சரிபார்த்தேன்.

இடைவெளி ஐந்து ஓடு.

வராண்டாவில் பீடத்தின் தார்ப்பாய் காற்றில் விலகியிருந்தது. இரண்டாம் படிக்குக் கீழே பூனை குட்டி போட்டிருக்கிறது. மூன்று. தார்ப்பாயை அவற்றுக்கும் சேர்த்து இழுத்துக் கட்டினேன்.

ஜூன் 30, ஞாயிறு

9.20க்கு உள்ளே போய் நேராகப் பின்னால் நடந்தேன். எல்லோரும் பார்க்காததுபோல் பார்த்தார்கள். ஞானப்பூ அத்தை மட்டும் கண் தெரியாமல், "யாரு, மாணிக்கம் தம்பியா? இங்கன என்ன செய்யுத?" என்று கேட்டார். உட்காருதேன் அத்தை என்றேன்.

ஜெமிமா வலது கோடியில், நான் இடது கோடியில். உட்கார்ந்ததும் பெஞ்சு என் பக்கம் சரிந்து டக்கென்று சத்தம் போட்டது. அசைந்தால் மறுபடியும் டக்.

இங்கிருந்து மேசை தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிகின்றன, முதுகுகளும் நாற்காலிகளில் நான் எழுதிய எண்களும். எண்கள் எதற்கென்று இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது: அவை இந்தப் பெஞ்சில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்படி எழுதப்பட்டிருக்கின்றன. அப்பம் பிட்கும் சத்தம்கூடக் கேட்காது. எல்லோரும் ஆமென் சொல்வதை வைத்து, பிட்டாயிற்று என்று ஊகிக்கவேண்டியதுதான். இந்தப் பெஞ்சை இருபது வருடம் துடைத்திருக்கிறேன். ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்ததில்லை.

தட்டு அத்தையிடம் வந்தது. அத்தை தலைக்கு மேல் தூக்கினார். ஆசீர் பிரதர் வந்து வாங்கிப் போனார்.

ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து உட்கார்ந்தபோது பெஞ்சு மறுபடி டக்கென்றது. ஜெமிமா திரும்பாமல், முக்காட்டுக்குள்ளிருந்து, உதடு மட்டும் அசையச் சொன்னாள்:

"நடுவுல தள்ளி உக்காருங்கப்பா. அந்த ஓரத்துக் கால் ஆடும்."

ஐந்து மாதம் தனியாக உட்கார்ந்தவளுக்குத் தெரியும். தள்ளி உட்கார்ந்தேன். பெஞ்சு ஆடவில்லை.

ஜூலை 6, சனி

சாரல் இல்லை. நாற்காலி 59. மேசை நடுவில். இடைவெளி ஐந்து ஓடு, சரிபார்த்தது.

பெஞ்சின் இடது ஓரத்துக் காலுக்குக் கீழே அரை அங்குல ஆப்பு ஒன்று வைத்தால் போதும், இடது கோடியிலேயே ஆடாமல் உட்காரலாம். மரத்துண்டும் சுத்தியலும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

வைக்கவில்லை.